ஷிபொலெத் என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் தலையங்கங்களிலும் மொழியியல் கட்டுரைகளிலும் எப்போதாவது தலைகாட்டும் சொல் இது. அகராதியைப் புரட்டினால் ‘சோதனைச் சொல்’, ‘ஒரு கூட்டத்தாரின் அடையாளம்’, ‘காலாவதியான கோஷம்’ என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக நிற்கும். எல்லாமே ஒரு பழைய கதையிலிருந்து கிளைத்தவைதான். இந்தச் சொல்லைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

சுருக்கமாகச் சொன்னால் என்ன பொருள்?

‘இவன் நம்மவனா, வெளியாளா’ என்று பிரித்துக் காட்டும் அடையாளம். அது ஒரு சொல்லாக இருக்கலாம், ஒரு சொல்லை உச்சரிக்கும் விதமாக இருக்கலாம், ஒரு பழக்கமாகவோ நம்பிக்கையாகவோகூட இருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு அது தானாக வரும். வெளியே இருப்பவர் எவ்வளவு முயன்றாலும் எங்கேயோ பிசகும்.

எப்படி உச்சரிப்பது?

ஷி-ப-லெத். அழுத்தம் முதல் அசையில். நடுவில் வரும் ‘ப’ ஆங்கிலத்தின் ‘பஸ்’ஸில் வருவதுபோல மெத்தென்று ஒலிக்கும். கடைசி ஒலி, ‘தேங்க்ஸ்’ என்பதன் தொடக்கத்தில் நாக்கு நுனி பல்லைத் தொட்டுக் காற்று வருமே, அது. தமிழ் எழுத்தில் இதற்கு மேல் துல்லியம் கிடைக்காது. தமிழ் பைபிளில் ‘ஷிபோலேத்’ என்று இருக்கும்.

சொல் எங்கிருந்து வந்தது?

எபிரேய பைபிளின் நியாயாதிபதிகள் நூல், 12ஆம் அதிகாரம். யோர்தான் நதிக்குக் கிழக்கே கீலேயாத் மக்கள். மேற்கே எப்பிராயீம் கோத்திரத்தார். இரு தரப்பும் இஸ்ரவேலர்கள்தான், பங்காளிகள். கீலேயாத்தின் தலைவன் யெப்தா அம்மோனியரைப் போரில் வென்று திரும்புகிறான். ‘எங்களை ஏன் போருக்குக் கூப்பிடவில்லை? உன் வீட்டோடு உன்னைக் கொளுத்துவோம்’ என்று எப்பிராயீமியர் ஆற்றைக் கடந்து வந்து நிற்கிறார்கள். போதாததற்குக் கீலேயாத்தியரை ‘எங்களிடமிருந்து ஓடிப்போனவர்கள்தானே நீங்கள்’ என்று ஏளனமும் செய்கிறார்கள். சண்டை மூள்கிறது. வம்புக்கு வந்தவர்கள் தோற்றுச் சிதறுகிறார்கள்.

வீட்டுக்குத் திரும்ப அவர்கள் யோர்தானைக் கடந்தாக வேண்டும். இறங்கிக் கடக்கக்கூடிய துறைகளையெல்லாம் கீலேயாத்தியர் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் வந்து ‘நான் அக்கரைக்குப் போக வேண்டும்’ என்பான். ‘நீ எப்பிராயீமியனா?’ என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்பான். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. உடையும் கடவுளும் ஒன்று, மொழியும் ஏறக்குறைய ஒன்று. ‘அப்படியானால் ஷிபோலேத் என்று சொல்.’ அவன் ‘சிபோலேத்’ என்பான். அங்கேயே வெட்டு விழும். அந்தப் போரில் எப்பிராயீம் தரப்பில் 42,000 பேர் மாண்டதாக நூல் சொல்கிறது.

கவனித்தால், அவனிடம் யாரும் ரகசியம் எதையும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய சொல்லை அவன் காதிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவன் அதைத் திருப்பிச் சொன்னால் போதும். அதைத்தான் அவனால் செய்ய முடியவில்லை.

42,000 பேர் என்பது நம்பும்படி இருக்கிறதா?

பழங்காலப் போர்க் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எபிரேயத்தில் ‘ஆயிரம்’ என்பதற்கான ‘எலெஃப்’ என்ற சொல்லுக்குக் குலம், படைப்பிரிவு என்ற பொருள்களும் உண்டு. அதனால் 42 படைப்பிரிவுகள் என்று படிக்கலாம் என்போரும் இருக்கிறார்கள்.

எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

இரண்டு அர்த்தம். ஒன்று, தானியக் கதிர். பைபிளில் எகிப்திய மன்னனான பார்வோன் கனவில் கண்ட ஏழு செழித்த கதிர்களும் ஏழு சாவிக் கதிர்களும் மூலத்தில் இதே சொல்லின் பன்மைதான். அரபியில் ‘சுன்புல்’ என்று கதிருக்கு வழங்குவது இதன் உறவுச் சொல். இன்றைய எபிரேயத்திலும் சொல் உயிரோடு இருக்கிறது: ஓட்ஸுக்கு அவர்கள் சொல்வது ‘ஷிபோலெத் ஷுவால்’, அதாவது நரிக் கதிர்.

இன்னொன்று, பாய்ந்தோடும் நீர், வெள்ளம். ‘வெள்ளம் என்மேல் புரண்டு போகிறது’ என்று புலம்பும் பைபிளின் 69ஆம் சங்கீதப் பாடலில் இந்தப் பொருளில் வருகிறது. ஆற்றங்கரையில் நின்று கேட்ட கேள்வி என்பதால் கதையில் இதுதான் பொருத்தம் என்று பலர் கருதுகிறார்கள். காலடியில் ஓடுவதைக் காட்டி ‘இது என்ன, சொல்’ என்பதுபோல. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் கதைக்கு அது அவசியமில்லை. ‘ஷ’வில் தொடங்கும் எந்தச் சொல்லைக் கேட்டிருந்தாலும் வேலை நடந்திருக்கும்.

எப்பிராயீமியருக்கு ஏன் ‘ஷ’ வரவில்லை?

இதில் அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். எளிய விளக்கம்: அவர்கள் வட்டார வழக்கில் ‘ஷ’வும் ‘ஸ’வும் ஒன்றாகிவிட்டிருந்தன. சிக்கல் என்னவென்றால், இப்படி இரண்டும் கலந்ததற்கு அந்தப் பகுதியில் வேறு நல்ல சான்று இல்லை.

1942இல் ஈ. ஏ. ஸ்பைசர் என்ற அறிஞர் தலைகீழாக ஒரு யோசனை சொன்னார். கீலேயாத்தியர்தான் பழைய ஒலி ஒன்றை விடாமல் வைத்திருந்தார்கள். அவர்கள் சொன்னது ஆங்கில ‘தேங்க்ஸ்’ தொடக்கத்தில் வரும் ஒலி. அது தங்கள் வழக்கில் இல்லாததால் எப்பிராயீமியர் ‘ஸ’ போட்டுச் சமாளித்தார்கள். கதை எழுதப்பட்ட எழுத்துமுறையில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து இல்லை, அதனால் ‘ஷ’வுக்கான எழுத்தே நின்றது. அழகான யோசனை. ஆனால் ‘கதிர்’ என்ற சொல்லின் தொடக்க ஒலி, எபிரேயமும் அரபியும் கிளைத்த மூல செமித்திய மொழியிலேயே அந்த வகை அல்ல என்று எதிர்த்தரப்பு மடக்குகிறது. இன்னொரு கட்சி, எப்பிராயீமியர் சொன்னதும் ஒருவகை ‘ஷ’தான், அது கீலேயாத்தியர் காதில் ‘ஸ’வாக விழுந்தது, அவ்வளவுதான் என்கிறது. இந்த மூன்றாவது விளக்கம் கொஞ்சம் நடுங்கவைக்கிறது. வாயில் பிழையே இல்லாமல், கேட்பவர் காதை வைத்து ஒருவன் தலை போயிருக்கிறது என்று ஆகிறதே!

மூல நூலை எழுதியவர் இந்த வேறுபாட்டைக் காட்ட என்ன செய்தார் என்பதும் பார்க்கத்தக்கது. எபிரேயத்தில் ‘ஷின்’ என்ற ஒரே எழுத்து ‘ஷ’வாகவும் ‘ஸ’வாகவும் நிற்கும். புள்ளியை வைத்துப் பிரிக்கும் வழக்கம் பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது. அதனால் அவர் தப்பான உச்சரிப்பை எழுத, ‘ஸ’வாக மட்டுமே ஒலிக்கும் ‘சாமெக்’ என்ற வேறு எழுத்தைப் பிடித்தார். இல்லாவிட்டால் வாசகருக்கு ‘ஷிபோலேத் என்று சொல்’, ‘ஷிபோலேத்’ என்றே தெரிந்திருக்கும். எதற்கு வெட்டினார்கள் என்றே புரியாது.

அப்படியானால் மொழிபெயர்த்தவர்கள் என்ன செய்தார்கள்?

கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலியே கிடையாது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஒரு வடிவத்தில் ‘கதிர் என்று சொல்’ என்று பொருளை எழுதிவிட்டார்கள். இன்னொரு வடிவத்தில் ‘சங்கேதச் சொல்லைச் சொல்’ என்று மாற்றினார்கள். இரண்டிலுமே கதையின் கழுத்து முறிந்தது: சங்கேதச் சொல் என்றால் அது தெரியாதவன் மாட்டிக்கொள்வது இயல்புதானே, அதில் நாக்குக்கு என்ன வேலை? ஜெரோம் என்ற துறவி பைபிளை லத்தீனில் பெயர்த்தபோது எபிரேயச் சொல்லை ஒலிபெயர்த்து, ‘இதற்குக் கதிர் என்று பொருள்’ என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பையும் சேர்த்தார்.

தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிரந்த ‘ஷ’ இருப்பதால் ஷிபோலேத், சிபோலேத் என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட முடிந்தது. வாசிக்கும்போது ‘ஷர்ட்’டைச் ‘சர்ட்டு’ ஆக்குகிறவர்கள் நம்மில் ஏராளம் என்பது வேறு விஷயம். யோர்தான் துறையில் நம் கதி என்ன ஆகியிருக்குமோ.

ஆங்கிலத்தில் எப்போது நுழைந்தது? பொருள் எப்படி மாறியது?

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில பைபிளில் நுழைந்தது, எபிரேயச் சொல்லாகவே. 1630கள் வாக்கில் ‘ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொல்’ என்ற பொதுப் பொருளில் வழங்கத் தொடங்கியது. அது மதப் பிரிவுகள் ஒன்றையொன்று சந்தேகித்த நூற்றாண்டு. ஒரு கோட்பாட்டைச் சரியான சொற்களில் சொல்கிறாயா என்று பார்ப்பது அன்றாட வேலையாக இருந்தது. ஆங்கிலக் கவிஞர் மில்டனும் 1671இல் வெளியான ‘சாம்சன் அகோனிஸ்டீஸ்’ நாடகத்தில், ஷிபொலெத் என்று நன்றாக உச்சரிக்காததால் இறந்தவர்களை நினைவுகூர்கிறார்.

அப்புறம்தான் வழுக்கல். ஒரு கட்சியின் உறுப்பினர் என்று காட்டிக்கொள்ள ஒரு வாசகத்தை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளடைவில் அதன் பொருளை யாரும் யோசிப்பதில்லை. சொல்வதே போதும் என்றாகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ‘அர்த்தம் செத்துப்போனாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கோஷம்’ என்ற பொருள் இப்படித்தான் வந்தது. இன்றைய அரசியல் கட்டுரைகளில் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் பார்க்கலாம். பழைய கதையோடு தொடர்பில்லாததுபோலத் தெரிந்தாலும் ஒரு நூல் இருக்கிறது: ஆற்றங்கரையிலும் சொல்லின் அர்த்தத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

வரலாற்றில் இப்படி வேறெங்கும் நடந்திருக்கிறதா?

துரதிருஷ்டவசமாக நிறைய. சிலவற்றில் மரபுக்கதை கலந்திருக்கிறது. சிலவற்றுக்கு நேரில் கண்டவர்களே சாட்சி.

1282இல் சிசிலித் தீவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, சந்தேகப்பட்டவர்களை ‘சீச்சிரி’ என்று சொல்லச் சொன்னதாக மரபு. கொண்டைக்கடலைக்கு அங்கே வழங்கும் பெயர் அது. பிரெஞ்சுக்காரர் வாயில் அந்தச் ‘ச்’ வராது.

1302 மே 18 அதிகாலையில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜ் நகர மக்கள் பிரெஞ்சுப் படையினரைத் தேடிக் கொன்றபோது கேட்டதாகச் சொல்லப்படும் சொற்கள் ‘ஸ்கில்ட் என் ஃபிரிண்ட்’, கேடயமும் நண்பனும். இதில் ‘ஸ்’ஸுக்குப் பின்னால் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு ஒலி வரும். இரண்டாம் உலகப்போரில் டச்சுக்காரர்கள் ஜெர்மானிய ஒற்றர்களைக் கண்டுபிடிக்க ‘ஸ்கேவெனிங்கென்’ என்ற கடற்கரை ஊரின் பெயரைச் சொல்லச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. ஜெர்மானியர் வழக்கத்தால் அதை ‘ஷே...’ என்று தொடங்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவே அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். மாட்டவைத்த ஒலிக்கூட்டு ஒன்றேதான்.

1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்க வீரர்கள் இருட்டில் ஒருவரை எதிர்கொண்டால் ‘ஃப்ளாஷ்’ என்பார்கள், பதில் ‘தண்டர்’ என்று வர வேண்டும். ஜெர்மானிய நாக்குக்கு அந்தத் தொடக்க ஒலி தகராறு. இது ரகசியச் சொல்லும் ஷிபொலெத்தும் சேர்ந்த இரட்டைப் பூட்டு.

1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் உத்தரவில் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹெய்ட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொத்துமல்லியைப் போன்ற பார்ஸ்லி என்ற கீரையைக் காட்டி, ‘இது என்ன’ என்று படையினர் கேட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸ்பானிய மொழியில் ‘பெரெஹில்’. ஹெய்ட்டி கிரியோல் பேசுபவருக்கு அதன் ‘ர’வும் ‘ஹ’வும் வராது. தப்பியோடியவர்கள் அங்கேயும் ஓர் ஆற்றைத்தான் கடக்க வேண்டியிருந்தது. அந்த ஆற்றின் பெயர் மாசக்ர், படுகொலை. அந்தப் பெயர் முன்பே இருந்தது, 1937இல் வந்ததல்ல.

அடுத்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1923 செப்டம்பர் 1, ஜப்பானின் காந்தோ பூகம்பம். கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்ப, உள்ளூர்க் காவல் கும்பல்கள் சாலையில் வருவோரை நிறுத்தி ‘ஜூகோ-என் கோஜிஸ்ஸென்’ என்று சொல்லச் சொன்னார்கள். பதினைந்து யென் ஐம்பது சென் என்பதுதான் அதன் பொருள். கொரிய மொழியில் சொல்லின் முதலில் ‘ஜ’, ‘க’ ஆகியவை மெல்லிய அதிர்வோடு ஒலிக்காது. ‘சூகோ’, ‘கொச்சி’ என்று வன்மையாகிவிடும்.

1983 ஜூலையில் இலங்கை. கும்பல்கள் பேருந்துகளையும் வாகனங்களையும் மறித்து, தமிழர் என்று சந்தேகப்பட்டவர்களை ‘பால்திய’ என்று சொல்லவைத்தது கறுப்பு ஜூலையைப் பற்றிய சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வாளிக்குச் சிங்களச் சொல் அது. போர்த்துக்கீசிய ‘பால்தே’யிலிருந்து வந்தது. முதல் எழுத்து ‘பஸ்’ஸில் வரும் ‘ப’. இங்கே தமிழில் எழுதியிருப்பதைப் படித்தால் அது தெரியாது. ‘பல்’லின் ‘ப’வுக்கும் ‘பஸ்’ஸின் ‘ப’வுக்கும் நம்மிடம் எழுத்து ஒன்றுதான். தமிழ்ச் சொற்களின் முதலில் வல்லின ‘ப’ மட்டுமே வரும். மெத்தென்ற ஒலி ‘கம்பு’, ‘பாம்பு’ என்று மெல்லினத்துக்குப் பின்னால்தான். கொரிய மொழியிலும் ஏறக்குறைய இதே ஒழுங்கு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கும்பல்கள், அறுபது ஆண்டு இடைவெளியில், ஒரே ஒலியியல் விதியைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கின்றன. அவர்களில் யாரும் மொழியியல் படித்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுக் கிண்டல் செய்த பழக்கமே போதுமானதாக இருந்திருக்கிறது.

அண்மைக் காலத்தில், 2022இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும் உக்ரேனில் ‘பல்யனீத்ஸ்யா’ என்ற சொல் இந்த வேலைக்கு வந்தது. அது ஒருவகை ரொட்டி.

கவனித்தீர்களா, பல சொற்கள் அடுக்களையிலிருந்து வந்தவை: கதிர், கடலை, கீரை, ரொட்டி, வாளி. காரணம் எளிது. அங்கே வளர்ந்த எவருக்கும் தெரிந்திருக்கும் என்று சந்தேகமில்லாமல் நம்பக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும் அல்லவா?

உயிர் போகும் நிலையில்கூட ஒருவரால் ஏன் சரியாகச் சொல்ல முடிவதில்லை?

குழந்தைகள் பிறந்த சில மாதங்களுக்கு, உலக மொழிகள் பலவற்றின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்துக் கேட்கும் திறனோடு இருக்கின்றன. ஏறத்தாழ ஒரு வயதாவதற்குள், தாய்மொழியில் பொருளை மாற்றாத வேறுபாடுகளை அவை கவனிக்காமல் விடத் தொடங்குகின்றன. 1980களில் வெர்கர், டீஸ் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. ஆங்கிலச் சூழலில் வளர்ந்த குழந்தைகள் இந்தியின் இருவகை ‘த/ட’ ஒலிகளை ஆறு மாதம் வாக்கில் பிரித்தறிந்தன; ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலும் முடியவில்லை.

ஆக, சிக்கல் நாக்கில் தொடங்குவதற்கு முன்பே காதில் தொடங்குகிறது. துறையில் நின்றவன் தான் கேட்டதைத்தான் சொல்கிறோம் என்று நம்பியிருக்கலாம். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ழகரத்தை ‘ல’வாகவோ ‘ர’வாகவோ சொல்லிவிட்டு, ‘சரியாகத்தானே சொன்னேன்’ என்று பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் பயிற்சியால் தேறலாம், ஜப்பானியர்கள் ‘ர-ல’ வேறுபாட்டைப் பழகித் தேறியிருக்கிறார்கள். ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது பழகும் அவகாசம் கிடைக்காது. பயத்தில், பழகிய நாக்கும் பழைய தடத்துக்கே ஓடும்.

இந்தச் சோதனை குறைந்தபட்சம் ஆளைச் சரியாகவாவது கண்டுபிடிக்குமா?

நம்ப முடியாது. காந்தோ பூகம்பத்துக்குப் பின், செப்டம்பர் 6ஆம் தேதி, சிபா மாகாணத்தின் ஃபுகுதா கிராமத்தருகே மருந்து விற்றுக்கொண்டு வந்த 15 பேரைக் கும்பல் மறித்தது. அவர்கள் தூரத்துத் தீவான ஷிகோகுவின் ககாவா மாகாணத்து ஜப்பானியர்கள். பேச்சு வழக்கு விசித்திரமாகக் கேட்டதால் கொரியர்கள் என்று சந்தேகித்து 9 பேரைக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தக் கும்பல்கள் ஒலியைத் தேடவில்லை, தங்களைப்போல ஒலிக்காத எவரையும் தேடினார்கள்.

பார்ஸ்லி கதையிலும் ஓர் ஓட்டை உண்டு. எல்லையோர ஹெய்ட்டியர் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஸ்பானியம் சரளமாகப் பேசியவர்கள். அந்தச் சொல்லை வைத்து அவர்களைப் பிரித்திருக்க முடியாது. ஆகவே, கீரைச் சோதனை அந்தப் படுகொலையில் அவ்வளவு பெரிய பங்கு வகித்திருக்காது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கொல்வது என்று முடிவான பிறகு சோதனை ஒரு சாக்குதான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இலங்கையிலும் வீடு வீடாகத் தேடிப் போனவர்கள் வாக்காளர் பட்டியலை வைத்திருந்தார்கள். வாளியின் பெயரைக் கேட்டது சாலையில் மாட்டியவர்களிடம்.

இன்றைக்கு அரசுகள் இப்படிச் சோதிப்பதில்லையே?

வேறு உருவத்தில் சோதிக்கின்றன. 1990களிலிருந்து ஐரோப்பிய நாடுகள் சிலவும் ஆஸ்திரேலியாவும் அடைக்கலம் கேட்டு வருபவரின் பேச்சைப் பதிவுசெய்து, அவர் சொல்லும் ஊர்தான் அவர் ஊரா என்று ஆராய்கின்றன. கையில் ஆவணம் இல்லாதவருக்கு அது சாதகமாகவும் அமையலாம். ஆனால் முகாமில் வளர்ந்தவர், ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர், மொழிபெயர்ப்பாளருக்குப் புரிய வேண்டும் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டவர், இவர்களெல்லாம் எந்த வரைபடத்தில் அடங்குவார்கள்? 2004இல் பல நாட்டு மொழியியலாளர்கள் சேர்ந்து இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். ஒருவர் எந்தச் சமூகத்தில் பேசப் பழகினார் என்பதை மொழி காட்டலாம், குடியுரிமையைக் காட்டாது. ஆராய்பவர் மொழியியல் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. பக்கத்து ஊர்க்காரர் என்பதாலேயே ஒருவர் நிபுணர் ஆகிவிட மாட்டார்.

பாஸ்வேர்டுக்கும் ஷிபொலெத்துக்கும் என்ன வேறுபாடு?

பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்த ஒன்று. யாரிடமும் சொல்லாதவரை பாதுகாப்பு. ஷிபொலெத்தை ஊருக்கே சொல்லலாம், தெரிந்தும் பயனில்லை. அது உங்கள் வளர்ப்பில் ஊறியிருக்க வேண்டும்.

சில அரசியல்வாதிகள் தம் ஆட்களுக்கு மட்டும் உறைக்கும்படி இரட்டைப் பொருளில் பேசுவதுண்டு. அதையும் சிலர் ஷிபொலெத் என்று எழுதுகிறார்கள். அது கொஞ்சம் வேறு. அங்கே பேசுபவர் வேண்டுமென்றே சைகை காட்டுகிறார். ஷிபொலெத்தில் பேசுபவர் அறியாமலே மாட்டுகிறார்.

ரத்தம் சிந்தாத ஷிபொலெத்தே கிடையாதா?

உண்டு, தினமும் சந்திக்கிறோம். 1954இல் ஆலன் ராஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர், இங்கிலாந்தின் மேல்தட்டினரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களைப் பட்டியலிட்டு, ஃபின்லாந்து ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். மேட்டுக்குடியினர் ‘நாப்கின்’ என்பார்கள், மேலேற ஆசைப்படும் நடுத்தரவர்க்கம் ‘சர்வியெட்’ என்னும். முகம் பார்க்கும் கண்ணாடி மேட்டுக்குடிக்கு ‘லுக்கிங் கிளாஸ்’, நடுத்தரவர்க்கத்துக்கு ‘மிரர்’. கௌரவமாகப் பேசுகிறோம் என்று நினைத்துப் பிரெஞ்சு வாடை வீசும் சொல்லை எடுத்தவர்தான் மாட்டிக்கொண்டார். எழுத்தாளர் நான்ஸி மிட்ஃபோர்ட் இதை எடுத்து எழுதப்போய், ஆங்கிலேயர்கள் பல மாதம் தங்கள் சொற்களைத் தாங்களே சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

வட அயர்லாந்தில் ஆங்கில எழுத்துகளில் எட்டாவதைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் ‘ஹெய்ச்’ என்றும் புராட்டஸ்டண்டுகள் ‘எய்ச்’ என்றும் சொல்வார்கள். கலவர ஆண்டுகளில் இதுவும் சாதாரண விஷயமாக இருக்கவில்லை.

இலக்கணக் கட்டுரைகளில் ‘ஷிபொலெத்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

மொழிக்கு உதவாமல், ‘நான் படித்தவன்’ என்று காட்ட மட்டும் பயன்படும் விதிகளை. ஆங்கில வாக்கியத்தை ‘வித்’, ‘ஆஃப்’ போன்ற முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்பது பிரபலமான ஒன்று. 1672இல் கவிஞர் ட்ரைடன் முந்தைய தலைமுறை எழுத்தில் அதைக் குறையாகச் சுட்டினார். நல்ல ஆங்கிலம் எழுதியவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அதை மீறியே எழுதியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழக இணையதளத்தில் லாகின் செய்யும்போது இந்தப் பெயர் வருகிறதே?

பலர் இந்தச் சொல்லை முதன்முதலில் பார்ப்பதே அங்கேதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 கூட்டமைப்பு 2000 வாக்கில் தொடங்கி 2003இல் வெளியிட்ட மென்பொருள் இது. ஓர் ஆய்விதழின் தளத்துக்குப் போகிறீர்கள். அது உங்களை உங்கள் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கத்துக்கு அனுப்பும். பாஸ்வேர்டை அங்கே கொடுத்தால், ‘ஆமாம், இவர் எங்கள் ஆள்’ என்று பல்கலைக்கழகம் ஆய்விதழுக்கு உறுதி சொல்லும். ஆய்விதழ் கையில் உங்கள் பாஸ்வேர்டு போகாது. நம்மவரா என்று கேட்கும் வேலை என்பதால் பெயர் பொருத்தம்தான். மூலக் கதையை நினைத்தால், லாகின் தோல்வி என்று திரையில் வரும்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

லண்டன் அருங்காட்சியகத்தில் இந்தப் பெயரில் ஏதோ விரிசல் இருந்ததாமே?

கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்சேடோ 2007 அக்டோபரில் டேட் மாடர்ன் கூடத்தின் கான்கிரீட் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கி, அதற்கு ‘ஷிபொலெத்’ என்று பெயரிட்டார். நுழைவாயிலில் மயிரிழையாகத் தொடங்கிப் போகப்போக அகலும். ஐரோப்பாவுக்குள் வரும் வெளியாட்கள் சந்திக்கும் பிளவைச் சொல்ல நினைத்ததாக அவர் விளக்கினார். பார்வையாளர் சிலர் அதில் கால் இடறி விழுந்தார்கள். 2008 ஏப்ரலில் கண்காட்சி முடிந்ததும் நிரப்பினார்கள்; நிரப்பிய தடம் தரையில் தெரிகிறது.

எழுதும்போது எங்கே பயன்படுத்தலாம்?

பழைய கோஷம் என்ற பொருளில், ‘வரி குறைப்பு என்ற ஷிபொலெத்தை விட்டுவிட வேண்டும்’ என்பதுபோல எழுதலாம். அடையாளக் குறி என்ற பொருளில், ‘அந்த வட்டத்தில் குறிப்பிட்ட ஒரு கலைச்சொல்லைப் பயன்படுத்துவது ஷிபொலெத் ஆகிவிட்டது’ எனலாம். பன்மைக்கு ஆங்கிலத்தில் வெறும் ‘ஸ்’ சேர்த்தால் போதும். எபிரேயப் பன்மையான ‘ஷிபோலிம்’ போட்டு எழுதினால் கதிர்க்கட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அந்த மொழி தெரிந்தவர் நினைப்பார். வெறும் ‘கட்டுக்கதை’, ‘கிளிஷே’ என்ற பொருளில் வீசுவதைத் தவிர்ப்பது நல்லது. யாரையோ உள்ளே விட்டு யாரையோ வெளியே நிறுத்தும் வேலை அங்கே இல்லையென்றால் இந்தச் சொல்லுக்கும் அங்கே வேலையில்லை. தமிழ்க் கட்டுரையில் பெரும்பாலும் ‘அடையாளச் சொல்’, ‘தேய்ந்த கோஷம்’ என்று இடத்துக்குத் தக்கபடி எழுதிவிடலாம். பைபிள் கதையின் நினைவும் வாசகருக்கு வர வேண்டும் என்று விரும்பினால் மட்டும் ஷிபொலெத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.